தாத்தாவின் அலமாரியில் கிடைத்த ராணுவக் கைத்துப்பாக்கி: அதன் வரலாற்றை எப்படித் தேடுவது?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: அம்மா வழித் தாத்தா இறந்த பிறகு, அலமாரியில் ஒரு தோலுறைக்குள் ராணுவக் கைத்துப்பாக்கி போன்ற ஒன்று கிடைத்திருக்கிறது. போரில் எதிரி நாட்டு அதிகாரி ஒருவரிடமிருந்து அவர் கைப்பற்றியது என்று வீட்டில் பேச்சு. உலோகத்தில் சில எழுத்துகளும் எண்களும் தெரிகின்றன. இதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ள வழி உண்டா? இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது என்ன, எங்கே எப்போது செய்தார்கள் என்பது முதலாவது. அங்கிருந்து உங்கள் அலமாரி வரை எந்த வழியில் வந்தது என்பது இரண்டாவது. யார் கையில் இருந்தது என்பது மூன்றாவது. நீங்கள் உண்மையில் கேட்க விரும்புவது மூன்றாவதைத்தான் என்று நினைக்கிறேன். முதலாவதற்குப் பெரும்பாலும் உறுதியான விடை கிடைக்கும். இரண்டாவதற்குத் துண்டு துண்டாகக் கிடைக்கும். மூன்றாவதற்கு, எங்காவது ஒரு காகிதம் பிழைத்திருந்தால்தான் கிடைக்கும்.

ஓர் அருங்காட்சியகச் சேகரிப்பில் பழைய ஆயுதங்களைப் பட்டியலிடும் வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் முதலில் சொல்வது: அதற்குள் தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுகள் அலமாரியில் கிடந்ததால் காலியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை) கழற்றிய பிறகும் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில்) ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். பழைய தோட்டாவும் வெடிக்கும். இந்த வகைத் துப்பாக்கியை இயக்கித் தெரியாதவர் என்றால் நீங்களாகத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொன்றின் அமைப்பும் வேறு. ஜப்பானின் 94 வகைக் கைத்துப்பாக்கியில் இடப்பக்கம் வெளியே தெரியும் ஒரு சட்டத்தை அழுத்தினாலே, டிரிகரைத் தொடாமல், குண்டு பாயக்கூடும். ஜெர்மன் கைத்துப்பாக்கியான லூகரில் சேம்பருக்குள் தோட்டா இருந்தால் மேலே உள்ள, தோட்டாவைக் கவ்வும் பிடிப்பான் சற்று உயர்ந்து நிற்கும்; பல லூகர்களில் அதன் பக்கவாட்டில் ‘கெலாடன்’, அதாவது நிரப்பப்பட்டது, என்ற ஜெர்மன் சொல் தெரியும். இதெல்லாம் தெரிந்த, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் ஒருவர் பார்த்துக் காலி என்று உறுதி செய்யட்டும். சுட்டுப் பார்க்கும் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

அடுத்தது சட்டம். வாரிசாக வந்த துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாமா, யாரிடம் தெரிவிக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கோ காவல் நிலையத்துக்கோ போவதற்கு முன், தொலைபேசியில் கேளுங்கள், அல்லது வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள். உரிமம் இல்லாத ஆயுதத்தை வண்டியில் எடுத்துச் செல்வதே சில நாடுகளில் தனிக் குற்றம். ஒப்படைத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும் வரலாறு அத்தோடு தொலைந்துவிடாது. காலி என்று உறுதியானதும் கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, ஒவ்வொரு முத்திரையையும் எழுதி வைத்துக்கொண்டால், நான் கீழே சொல்லும் தேடலில் பெரும்பகுதியைத் துப்பாக்கி கையில் இல்லாமலே செய்யலாம். ஒப்படைத்த துப்பாக்கிகள் பல இடங்களில் உருக்கப்படுகின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சுத்தம் செய்யாதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டு, திரும்பச் சரிசெய்யவே முடியாமல் போன சேதங்களில் பாதி இதனால் வந்தவை. உப்புத்தாள், கம்பித் தூரிகை, துரு நீக்கும் திரவம், பாலிஷ் எதுவும் வேண்டாம். அந்தப் பழைய நீலக் கருமைப் பூச்சும், அதன் மேல் உரசித் தேய்ந்த இடங்களும்தான் சாட்சிகள். மெல்லிய துணியில் ஒரு துளி எண்ணெய் விட்டுத் துடைப்பதோடு நிறுத்துங்கள். தோலுறையிலிருந்து வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பை அரிக்கும். ஆனால் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! ஜெர்மன் உறைகளில் மூடியின் உள்பக்கமோ முதுகிலோ செய்தவர் பெயர், ஊர், ஆண்டு அழுத்தப்பட்டிருக்கும். மையில் எழுதிய பெயர் சில சமயம் அங்கேதான் ஒளிந்திருக்கும். துப்பாக்கியில் ஒருவர் பெயரைப் பார்ப்பது அபூர்வம். உறையில் அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது தேடலுக்கு வருவோம். பலரும் முத்திரைகளில்தான் தொடங்குவார்கள். நான் வீட்டுக் கதையில் தொடங்கச் சொல்வேன். உலோகம் காத்திருக்கும், வயதானவர்கள் காத்திருக்க மாட்டார்கள். தாத்தாவை அறிந்தவர்கள் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் உரத்த குரலில் பேசுபவரின் கதையே எல்லாருடைய கதையாகிவிடும். எந்தப் போர், எந்தப் படைப்பிரிவு, எப்போது வீடு திரும்பினார், துப்பாக்கியை முதலில் யார் எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். ‘அதிகாரியிடமிருந்து கைப்பற்றினார்’ என்பதை யார் வாயால் கேட்டார்கள் என்றும் கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே, சொன்ன தேதியோடு எழுதுங்கள்.

குடும்பக் கதைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை தலைமுறை மாறிப்போகும். முதல் உலகப் போரில், 1918-ல், தாத்தா கொண்டுவந்தது என்று சொல்லி ஒரு குடும்பம் எங்களிடம் வால்தர் பி.38 என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்றைக் காட்டியது. அந்த மாதிரியை ஜெர்மன் ராணுவம் ஏற்றதே 1938-ல்தான். அவர்கள் முகம் வாடிப்போனது. இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்த்தபோது, பாட்டியின் தம்பி ஒருவர் அடுத்த போரில் இருந்ததும், அவர் தன் பொருள்களை அந்த வீட்டில் வைத்துவிட்டுப் போனதும் தெரியவந்தது. கதை உண்மை, ஆள்தான் வேறு. கதையும் உலோகமும் ஒத்துப்போகாத இடத்தில்தான் அநேகமாக நல்ல விடை கிடைக்கிறது. அதனால் முரண்பாட்டைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள்.

முத்திரைகளைப் படம் எடுக்கும்போது நேரே ஒளி பாய்ச்சாமல், டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து நிற்கும். இடம், வலம், மேல், குழலின் அடிப்பக்கம், பிடியின் முன்பட்டை, பின்பட்டை, மேகசினின் அடித்தட்டு எதையும் விடாதீர்கள். எழுத்து, எண், கிரீடம், பறவை, நட்சத்திரம், அம்பு எல்லாவற்றையும் இருக்கும் வரிசையிலேயே குறியுங்கள். புரியாத குறியை யூகித்துத் திருத்தி எழுத வேண்டாம், வரைந்தே காட்டுங்கள்.

அந்தக் குறிகளில் எவ்வளவு செய்தி இருக்கிறது என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள். நாஜி காலத்து ஜெர்மனி, தொழிற்சாலைகளின் பெயரை மறைக்கக் குறியீடுகளைப் பயன்படுத்தியது. பி.38-ல் ‘ஏசி’ என்றால் வால்தர், ‘பிஒய்எஃப்’ என்றால் மௌசர், ‘சிஒய்க்யூ’ என்றால் ஸ்ப்ரீவெர்க். வால்தர், மௌசர் இரண்டும் பக்கத்திலேயே ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைப் போட்டன. இத்தாலியின் 1934 மாதிரி பெரெட்டாவில் சாதாரண ஆண்டோடு பாசிச ஆட்சியின் ஆண்டும் ரோமன் எண்ணில் இருக்கும். அந்தக் கணக்கு 1922 அக்டோபர் கடைசியில் தொடங்குகிறது. ஆகவே 1940-உடன் ரோமன் 18 இருந்தால் அது அந்த ஆண்டு அக்டோபர் முடிவதற்கு முன் செய்யப்பட்டது, 19 இருந்தால் அதற்குப் பின். இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்குள்ளேயே காலம் குறுகிவிடுகிறது. ஜப்பானின் 14 வகை நம்பு கைத்துப்பாக்கியில் ‘19.6’ என்பது போன்ற ஓர் எண் இருக்கும். அதை 1919 என்று படித்து ஏமாறுபவர்கள் உண்டு. அது ஷோவா பேரரசர் ஆட்சியின் 19-ஆம் ஆண்டு, 6-ஆம் மாதம். ஆட்சி ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் 1944 ஜூன்.

வரிசை எண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எண்ணை மட்டும் கொடுத்து ‘இது எப்போது செய்தது?’ என்று கேட்டால் ஜெர்மன் துப்பாக்கிக்குப் பதில் சொல்ல முடியாது. ராணுவ லூகரிலும் பி.38-லும் எண் நான்கு இலக்கம் வரை ஓடி, பிறகு ஏ, பி என்று பின்னெழுத்து சேர்ந்து மறுபடி தொடங்கும். பொதுவாக ஆண்டு மாறும்போது இந்த வரிசை முழுவதும் முதலிலிருந்து வரும். அதனால் ஒரே எண்ணில் பல துப்பாக்கிகள் இருக்கின்றன. தொழிற்சாலை, ஆண்டு, எண், பின்னெழுத்து நான்கும் சேர்ந்தால்தான் ஒன்றை அடையாளம் காண முடியும். அமெரிக்க ராணுவத்தின் ‘1911 மாதிரி’ கைத்துப்பாக்கியில் கதை வேறு. அங்கே எண்ணை வைத்தே ஆண்டையும் தயாரிப்பாளரையும் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பாகங்களின் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்பதையும் இப்படித்தான் நாடு பார்த்து எடைபோட வேண்டும். லூகரில் சிறு பாகங்களில்கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் அடிக்கப்பட்டிருக்கும். ஒன்று மாறியிருந்தால் எப்போதோ பாகம் மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். 1911 மாதிரியை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு படைக்கலக் கிடங்குகள் ஆயிரக்கணக்கில் பிரித்து, பாகங்களைக் கலந்து, புதுப் பூச்சுப் போட்டுத் திரும்பக் கொடுத்தன. அங்கே ஒரு கம்பெனியின் ஸ்லைடும் (மேலே முன்பின் நகரும் பாகம்) இன்னொன்றின் அடிச்சட்டமும் சேர்ந்திருப்பது சாதாரணம். அதில் குறை எதுவும் இல்லை, அந்தத் துப்பாக்கி நெடுநாள் வேலை செய்தது என்பதற்கு அடையாளம்.

இன்னொன்று. ராணுவத் துப்பாக்கி போல இருப்பதெல்லாம் ராணுவத்தில் இருந்தவை அல்ல. அமெரிக்காவின் கோல்ட் கம்பெனி 1911 மாதிரியைப் பொதுமக்களுக்கும் விற்றது. அவற்றின் வரிசை எண்ணில் ‘சி’ என்ற எழுத்து இருக்கும், அரசுச் சொத்து என்ற வாசகம் இருக்காது. நார்வேயும் அர்ஜென்டினாவும் அதே வடிவத்தைத் தங்கள் நாட்டிலேயே உரிமத்தோடு செய்தன. ஸ்பெயினில் செய்த சில தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியே இருக்கும். ஆகவே சரக்கு ராணுவத்துக்குப் போனதா என்பதைக் காட்டுவது வடிவம் அல்ல, அதை ஏற்றுக்கொண்ட ஆய்வாளரின் முத்திரையும் சொத்துக்குறியும்தான்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது எந்த வழியாக வந்தது என்பதற்கு, பிற்காலத்தில் அடிக்கப்பட்ட குறிகளே பதில் சொல்லும். பிரிட்டிஷ் ராணுவச் சொத்தில் அகன்ற அம்புக்குறி ஒன்று இருக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டு நின்றால், அரசு அதை முறைப்படி விற்றுவிட்டது. அதோடு, துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கும் பர்மிங்காம் அல்லது லண்டன் சோதனைச் சாலையின் முத்திரைகளும் இருந்தால், ஒரு கட்டத்தில் அது வியாபாரிகள் வழியாகப் பொதுச் சந்தைக்கு வந்திருக்கிறது. லூகரின் சேம்பர் மேல் 1917-உம் 1920-உம் சேர்ந்து இருந்தால், 1920 செய்த ஆண்டல்ல, முதல் உலகப் போருக்குப் பின் வந்த ஜெர்மன் குடியரசான வைமார் அரசு தன் சொத்து என்று குறித்தது. போர் முடிந்தபோது அது எதிரிகள் கையில் இல்லை என்று இதிலிருந்தே தெரிகிறது. சோவியத் கிடங்குகளில் புதுப்பித்தவற்றில் சிறு கட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் காணப்படும்.

எல்லாவற்றிலும் கடுமையான சாட்சி இறக்குமதிக் குறி. அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு, இறக்குமதி செய்பவர் தன் பெயரையும் ஊரையும் துப்பாக்கியில் பதிக்க வேண்டியிருந்தது. குழலின் அடியிலோ அடிச்சட்டத்திலோ, மெல்லிய சிறு எழுத்தில் இருக்கும். அப்படி ஒன்று இருந்தால், 1945-ல் சிப்பாய் ஒருவர் பையில் போட்டுக்கொண்டு வந்தார் என்ற கதை அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாது. ஆனால் குறி இல்லை என்பதாலேயே கதை உறுதியாகிவிடாது, 1968-க்கு முன்பும் வியாபாரிகள் நிறைய இறக்குமதி செய்தார்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி. உலோகம் உங்களை ஒரு படைப்பிரிவு வரை கொண்டுபோகலாம். முதல் உலகப் போர்க்கால லூகரின் பிடியின் முன்பட்டையில் ‘113.ஆர்.5.24’ போல ஒரு வரி இருந்தால், 113-ஆம் காலாட்படை ரெஜிமென்ட், 5-ஆம் கம்பெனி, 24-ஆம் ஆயுதம் என்று படிக்கலாம். ரெஜிமென்ட் எங்கே போரிட்டது என்று தேடலாம். அந்த 24-ஆம் ஆயுதத்தை எந்த மனிதர் இடுப்பில் கட்டியிருந்தார் என்பது கம்பெனியின் பதிவேட்டில் இருந்த செய்தி, அப்படிப்பட்ட பதிவேடுகள் பெரும்பாலும் மிஞ்சவில்லை. விதிவிலக்கு பிரிட்டிஷ் அதிகாரிகள். அவர்கள் ரிவால்வரைச் சொந்தக் காசில் வாங்குவது வழக்கம், பெயர் பொறித்துக்கொண்டவர்களும் உண்டு.

கோல்ட், ஸ்மித் அண்ட் வெசன் போன்ற சில கம்பெனிகளின் பழைய கணக்கேடுகளைப் பார்த்து, கட்டணத்துக்குக் கடிதம் தருகிறார்கள். எந்தத் தேதியில் எங்கே அனுப்பப்பட்டது என்று அதில் வரும். ராணுவச் சரக்கு என்றால் இத்தனை துப்பாக்கிகளோடு சேர்த்து இன்ன கிடங்குக்கு என்பதோடு நின்றுவிடும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் அதுவே சில சமயம் வீட்டுக் கதையின் ஒரு பாதியை நிரூபித்துவிடும்.

தாத்தாவின் பணிப்பதிவை அந்தந்த நாட்டு ராணுவ ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பெறலாம். நேரடி வாரிசு என்று நிரூபிக்க இறப்புச் சான்றும் உறவைக் காட்டும் ஆவணமும் கேட்பார்கள். எல்லாம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் 1973 ஜூலை 12-ல் மூண்ட தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் எரிந்துபோயின. கோப்பு கிடைத்தாலும் அதில் துப்பாக்கியின் எண் இருப்பது அபூர்வம். அவர் எந்த மாதம் எந்த ஊரில் இருந்தார் என்பது இருக்கும். அந்தத் துப்பாக்கி அப்போது அந்தப் பக்கம் இருந்திருக்க முடியுமா என்று ஒப்பிட அது போதும்.

நீங்கள் தேட வேண்டிய தங்கத் துண்டு ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் கைப்பற்றிய பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக, மேலதிகாரி கையெழுத்திட்ட ஒரு சான்று வாங்கினார்கள். ஒற்றைத் தாள். பலவற்றில் ‘ஜெர்மன் கைத்துப்பாக்கி ஒன்று’ என்பதோடு சரி. சிலவற்றில் வரிசை எண்ணும் இருக்கும். அந்த எண் துப்பாக்கியின் எண்ணோடு பொருந்தினால் இன்னாரிடம் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. உங்கள் தாத்தா எந்தப் படையில் இருந்தாலும் சரி, பழைய கடிதக் கட்டு, பணி விடுவிப்புச் சான்று, புகைப்படத்தின் பின்பக்கம், உறையின் மடிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். துப்பாக்கியைப் பத்திரமாக வைத்துவிட்டு ‘பழைய காகிதம்’ என்று இவற்றைக் குப்பையில் போட்ட வீடுகள் எத்தனையோ. எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

ஒரு வேளை பிரபலமான பெயரோ, நாஜிகளின் எஸ்எஸ் படையின் மின்னல் குறியோ, அபூர்வக் கம்பெனியின் பெயரோ கண்ணில் பட்டால், மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். விலையை ஏற்றும் குறிகளைத்தான் போலியாக அடிப்பார்கள். தையல் இயந்திரக் கம்பெனியான சிங்கர் 1911 மாதிரியில் 500 மட்டுமே செய்தது, அவற்றின் எண்கள் எஸ்800001 முதல் எஸ்800500 வரை. ஸ்லைடில் சிங்கர் பெயர் இருந்து, அடிச்சட்டத்தின் எண் அந்த வரிசைக்கு வெளியே இருந்தால், அதிகபட்சம் ஸ்லைடு மட்டும் உண்மையாக இருக்கலாம். கைப்பற்றியவர்கள் அடித்ததாகச் சொல்லப்படும் ‘எக்ஸ்’ போன்ற சில குறிகளுக்குச் சேகரிப்பாளர்களின் நம்பிக்கை பலமாக இருக்கிறது, எழுத்து ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை. அவற்றைக் குறித்து வையுங்கள், முடிவு கட்டாதீர்கள்.

கண்டுபிடித்ததை எழுதும்போது மூன்று வண்ண மையில் எழுதுங்கள்: உலோகத்தில் நேரே படித்தது ஒன்றில், காகிதத்தில் கண்டது ஒன்றில், வீட்டில் சொன்னது ஒன்றில். ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க எனக்குத் தெரிந்த எளிய வழி அது. படங்களைப் பிறரிடம் காட்டிக் கேட்கும்போது வரிசை எண்ணின் கடைசி இரண்டு மூன்று இலக்கங்களை மறையுங்கள். அடையாளம் காண மீதி போதும். இந்த வாரம் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், துப்பாக்கியை அப்படியே விட்டுவிட்டு, தாத்தாவோடு வளர்ந்தவர்களில் மூத்தவர் யாரோ அவருக்குப் போன் செய்யுங்கள்.